சாலிட் ஸ்டேட்டுன்னா அவ்வளவு இளக்காரமா?

எங்க தாத்தா காலத்துல 'டிரான்சிஸ்டர்' என்றாலே ரேடியோதான். அதுக்கு முன்னாடி கூடத்தில் ஒரு வால்வு ரேடியோ மரப்பெட்டியாக உட்கார்ந்திருக்குமாம். ஸ்விட்ச் போட்டதும் பாடாது. உள்ளே சூடாகி, தொண்டையைக் கனைத்து, அப்புறம்தான் செய்தி. டிரான்சிஸ்டர் வந்ததும் அதைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். டீக்கடைக்கும் வயலுக்கும் கையோடு எடுத்துப் போக முடிந்த பெட்டியைப் பார்த்து "இதுல உயிரே இல்லப்பா" என்று யாரும் ஒப்பாரி வைக்கவில்லை.

கிட்டார்காரர்கள் மட்டும் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

ரெண்டு கார்ட் வாசிக்கத் தெரிந்த எவனிடமாவது ஆம்ப் வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "ட்யூப் ஆம்பா? சாலிட் ஸ்டேட்டா?" என்பான். சாலிட் ஸ்டேட் என்றால் ஒரு 'ஓ...' வரும் பாருங்க, பன்னிரண்டாவதில் காமர்ஸ் குரூப் எடுத்தேன் என்றதும் சொந்தக்காரர்கள் போடும் அதே 'ஓ...' :-)

இந்தப் பதிவு அந்த 'ஓ'வுக்கு எதிராக. கூடவே, இன்னொரு கோஷ்டிக்கும் எதிராக. அவங்களைப் பற்றிக் கடைசியில் சொல்றேன்.

முதலில் எதிர்க்கட்சி சொல்வதில் உள்ள நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். வால்வை அதன் எல்லைக்கு மேல் தள்ளினால் சத்தம் மெதுவாக மடங்கும். டிரான்சிஸ்டரைத் தள்ளினால் கத்தியால் வெட்டின மாதிரி அலையின் தலை துண்டாகும். காதுக்கு முன்னது கரகரப்பு, பின்னது எரிச்சல். ராக் கிட்டார் வளர்ந்ததே ஆம்பை எல்லை தாண்டித் தள்ளி வாசித்ததில்தான் என்பதால், இது சின்ன விஷயம் இல்லை.

அதோடு ஆரம்ப கால டிரான்சிஸ்டர் ஆம்புகள் உண்மையிலேயே மானத்தை வாங்கின. 1965-ல் சி.பி.எஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது. 1966-ல் ஃபெண்டர் சாலிட் ஸ்டேட் வரிசையை இறக்கியது. அடிக்கடி பழுதாகிப் பேர் கெட்டு, 70-களின் தொடக்கத்தில் அந்த வரிசையையே மூட்டை கட்டினார்கள். அந்தக் கால ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களுக்கு வேற ஒரு வியாதி. சூடானால் அதிக கரண்ட் இழுக்கும், இழுத்தால் இன்னும் சூடாகும், கடைசியில் தானே வெந்து போகும். சரி, ஒத்துக்கறேன்.

ஆனால் 1966-ல் வாங்கின கெட்ட பேரை இன்னைக்கு வரைக்கும் ஒரு தொழில்நுட்பத்தின் தலையில் கட்டுவது என்ன நியாயம்? முதல் செமஸ்டரில் அரியர் வைத்தவனை ஆயுசுக்கும் ஃபெயில் என்றா சொல்லுவோம்?

அதுக்கப்புறம் நடந்ததைப் பாருங்க.

1975-ல் ஜப்பானில் ரோலண்ட் கம்பெனி ஜேசி-120 ஜாஸ் கோரஸ் என்று ஒன்றை வெளியிட்டது. பன்னிரண்டு இன்ச் ஸ்பீக்கர் ரெண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 60 வாட். கோரஸைப் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் கிட்டார் அப்படியே வரும். மற்றதில் சுருதி லேசாக மேலும் கீழும் அசைகிற தாமதித்த சத்தம் வரும். ரெண்டும் ஒயருக்குள் கலப்பதில்லை, அறையின் காற்றில் கலக்கின்றன. அந்த விரிவு அங்கிருந்துதான் வருகிறது. 'தி க்யூர்' ராபர்ட் ஸ்மித், 'தி ஸ்மித்ஸ்' ஜானி மார் இவங்க கிட்டார் ஒலியில் இந்தப் பெட்டிக்குப் பங்கு உண்டு. மெட்டாலிகாவின் ஹெட்ஃபீல்ட், அத்தனை இரைச்சலுக்கு நடுவே வரும் அமைதியான பகுதிகளுக்கு இதைத்தான் நம்பினார்.

பி.பி.கிங்கை யாராவது 'உயிரில்லாமல் வாசித்தார்' என்று சொல்லுவீங்களா? அவர் பல வருஷம் வாசித்தது லேப் சீரீஸ் எல்5-ல். 70-களின் பின்பாதியில் கிப்ஸனின் தாய் நிறுவனமான நார்லின் செய்தது, மூக் சிந்தசைசர் கம்பெனிக்காரர்களின் கைவண்ணம், முழுக்க டிரான்சிஸ்டர். ஜாஸில் ஜோ பாஸ் பாலிடோன் வைத்திருந்தார். அதுவும் டிரான்சிஸ்டர்தான்.

இவங்களுக்கெல்லாம் வேண்டியிருந்தது சுத்தமான சத்தம். விரல் செய்கிற தப்பைக்கூட மறைக்காமல் காட்டுகிற சத்தம். சரி, கரகரப்பு வேணும் என்றால்? பாண்டெராவின் டைம்பேக் டாரல் இருக்கார். அவர் ராண்டால் சாலிட் ஸ்டேட் ஆம்பில் வாசித்து 1990-ல் 'கௌபாய்ஸ் ஃப்ரம் ஹெல்' வந்தது. எதைக் குறை என்று சொன்னார்களோ, அந்தக் கத்தி வெட்டையே அவர் ஆயுதமாக்கினார். இதுக்கு மேலயும் 'ட்யூப் இல்லன்னா டோன் இல்ல' என்றால், கோளாறு காதில் இல்லை, கர்வத்தில்.

பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? அதே ஃபெண்டர் 2019-ல் டோன் மாஸ்டர் வரிசையைக் கொண்டு வந்தது. தன்னுடைய பழைய வால்வு ஆம்புகளின் அதே தோற்றம், உள்ளே ஒரு வால்வுகூடக் கிடையாது!

இப்ப ரெண்டாவது கோஷ்டி. இவங்க பழைய சாலிட் ஸ்டேட் ஆம்பை 'விண்டேஜ்' என்று பொட்டு வைத்து விற்கிறவர்கள். நேத்து வரை குப்பை, இன்னைக்குப் பொக்கிஷம்.

இதில் நானே மாட்டினேன். எண்பதுகளில் ஜப்பானில் செய்த ஒரு ஆம்பை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன் (பிராண்டு பேர் வேண்டாம்). விற்றவர் "கண்டிஷன் சூப்பர், அந்தக் கால வார்ம்த்" என்றார். வீட்டில் போட்டால் 'ம்ம்ம்ம்...' என்று ஒரு ரீங்காரம். வால்யூமைத் திருகினால் வறுகடலை வறுக்கிற சத்தம். ரிச்சி தெருவில் ஒரு ரிப்பேர்கார அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"அண்ணே, இது விண்டேஜ் ஆம்ப், அந்த டோன் மாறாம பாத்துக்கங்க."

திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது டோன் இல்ல. கெப்பாசிட்டர் உப்பிப் போயிருக்கு."

அவ்வளவுதான் விஷயம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வருஷமானால் உள்ளே காய்ந்துவிடும். அப்ப வருகிற ரீங்காரத்துக்குப் பேர் கேரக்டர் இல்லை, பழுது. வால்யூம் கரகரப்பது தூசி. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால், பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத ஆம்பில் டி.சி. நேராக ஸ்பீக்கருக்குப் போய் அதையும் எரித்துவிடும். வால்வு போனால் பிடுங்கிப் புதுசு செருகலாம். உற்பத்தி நின்று போன ஐ.சி. போனால் ஊர் ஊராய் அலையணும். இதுக்கெல்லாம் மேல, ஜப்பான் பெட்டி 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டி 120, நம்ம வீட்டில் 230. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் புகைதான். ஆக ரிப்பேரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்த்து எனக்கு இன்னொரு 3,400 ரூபாய்.

பி.காம் படிக்கிறவன் இதைக் கணக்குப் போடாமல் வாங்கினேனே என்று வெட்கமாகத்தான் இருந்தது. வாங்கின விலை மட்டும் அடக்க விலை இல்லை, பொருளை ஓட வைக்கிற நிலைக்குக் கொண்டு வருகிற செலவும் சேரும் என்பது முதல் வருஷப் பாடம். என் ஆம்பின் அடக்கம் 9,000 இல்லை, 12,400.

ஆனாலும் வாங்கினதுக்கு வருத்தமில்லை. கெப்பாசிட்டர் மாற்றினபிறகு அது அமைதியாக, சுத்தமாக, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற அளவுக்குச் சத்தமாகப் பாடுகிறது. தினம் வாசிக்கிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். பழைய சாலிட் ஸ்டேட் ஆம்பின் பெருமையே அதை யாரும் மதிக்காமல் இருந்ததில்தான். மதிக்காததால் மலிவு. மலிவானதால் காசில்லாதவன் கைக்கு வந்தது. சுத்தமான சத்தம், மலிவு விலை, முதுகு உடையாமல் வாசிக்கிற நிம்மதி, இதுதான் அதன் மொத்த தத்துவம். அதில் 'விண்டேஜ்' விலை ஏற்றினால் பாதி மதிப்பு அங்கேயே போச்சு. இளக்காரம் பண்ணுகிறவனும், பூஜை பண்ணுகிறவனும் ஒரே தப்பைத்தான் பண்ணுகிறார்கள். ரெண்டு பேரும் காதால் கேட்காமல் லேபிளைப் படிக்கிறார்கள்.

வாங்கப் போறீங்களா? கிட்டாரைச் செருகாமல் ஆன் பண்ணிக் கேளுங்க. எல்லாக் குமிழையும் திருகிப் பாருங்க. பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று படிங்க. அரை மணி நேரம் சூடாக விட்டு மறுபடி கேளுங்க. ரிப்பேர் செலவை விலையில் கழித்துப் பேசுங்க. மசியலையா, நடையைக் கட்டுங்க.

எங்க செட்டில் ஒருத்தன் இருக்கான். என்னைவிட நல்லா வாசிப்பான். "வாங்கினா ட்யூப் ஆம்ப்தான்" என்று ரெண்டு வருஷமா காசு சேர்க்கிறான். இப்ப கிட்டார் உறையில், உறை கட்டிலுக்கு அடியில். நடுவில் விரல் நுனியில் இருந்த காய்ப்பே போயிடுச்சு. டேய், இதை நீ படிப்பேன்னு தெரியும். ஞாயித்துக்கிழமை கிட்டாரை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா. பெட்டி சாலிட் ஸ்டேட்தான். ஆனா சுவிட்ச் போட்ட உடனே பாடும்.