அட்மிஷன் கவுன்ட்டரில் முடிவாகும் பில்

"எந்த ரூம் வேணும்? ஷேரிங்கா, சிங்கிளா?"

தனியார் மருத்துவமனையின் அட்மிஷன் கவுன்ட்டரில் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு நின்று யோசித்துப் பதில் சொல்பவர்கள் குறைவு. உள்ளே அப்பாவுக்கு ஆக்ஸிஜன் ஏறிக்கொண்டிருக்கிறது. வெளியே மகன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார். இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே என்ற தெம்பில் "சிங்கிளே போடுங்க" என்கிறார். டிஸ்சார்ஜ் அன்று கைப்பணத்திலிருந்து எவ்வளவு கட்டப்போகிறார் என்பதில் பெரும்பகுதி அப்போதே முடிவாகிவிடுகிறது. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் கட்டாயம் இல்லை. அந்தக் கட்டாயத்தை அரசு கொண்டுவர வேண்டும்.

பழைய பாலிசிகள் பலவற்றிலும், குறைந்த பிரீமியத்துக்கு விற்கப்படும் பாலிசிகளிலும் அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டு. நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் என்பது வழக்கமான அளவு. ரூ.5 லட்சம் பாலிசி என்றால் நாளுக்கு ரூ.5,000. மகன் கேட்ட சிங்கிள் ரூமுக்கு வாடகை ரூ.8,000. கூடுதலாக மூவாயிரம்தானே, நான்கு நாளுக்குப் பன்னிரண்டாயிரம், கட்டிவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

நடப்பது வேறு. பல மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர உயர, டாக்டர் ஃபீஸும் ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் சேர்ந்தே உயர்கின்றன. அதனால் வரம்பை மீறி அறை எடுத்தவருக்கு அந்தக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் காப்பீட்டு நிறுவனம் வெட்டுகிறது. ஐயாயிரத்தை எட்டாயிரத்தால் வகுத்தால் 62.5 சதவீதம். ஒரு பில்லைக் கற்பனையாகப் போட்டுப் பார்க்கலாம்: நான்கு நாள் அறை வாடகை ரூ.32,000, அறுவை சிகிச்சை, மயக்க மருந்து நிபுணர், தியேட்டர் எல்லாம் சேர்த்து ரூ.1,20,000, மருந்தும் மருத்துவப் பொருள்களும் ரூ.70,000, பரிசோதனைகள் ரூ.18,000. மொத்தம் ரூ.2,40,000. வாடகையில் ரூ.20,000 மட்டும் கிடைக்கும். ஒரு லட்சத்து இருபதாயிரம், எழுபத்தைந்தாயிரமாகச் சுருங்கும். குடும்பம் கட்டவேண்டியது பன்னிரண்டாயிரம் அல்ல, ஐம்பத்தேழாயிரம்.

இதிலும் நோயாளிக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எனப்படும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் வகுத்த விதிப்படி, மருந்து, மருத்துவப் பொருள்கள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்திலும் கூடாது. எந்த அறை எடுத்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் வெட்டுக்கே இடமில்லை. மேலே சொன்ன பில்லில் மருந்துக்கும் பரிசோதனைக்கும் சேர்த்துக் கத்தரி போட்டால் குடும்பத்தின் சுமை ரூ.90,000 ஆகிவிடும். விதி தெரிந்தவர் அந்த ரூ.33,000-ஐக் கேட்டு வாங்குவார். தெரியாதவர் நகையை அடகு வைப்பார். ஆகவே பிடித்தம் போட்ட கடிதம் கைக்கு வந்ததும், எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள் என்று வரிவரியாகக் கேட்பது நோயாளியின் உரிமை. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது.

பிடித்தங்கள் சிறு விஷயமல்ல. 2023-24 நிதியாண்டில் பாலிசி விதிகளைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் அனுமதிக்காமல் விட்ட தொகை சுமார் ரூ.15,100 கோடி. கேட்கப்பட்ட மொத்தத்தில் இது ஏறத்தாழ 13 சதவீதம். முற்றாக நிராகரிக்கப்பட்ட கிளைம்களின் தொகையான பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட பணம் இதில் சேராது.

மருத்துவமனை பில்லின் மறுபாதி மருந்துக் கணக்கு. 2018-ல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டெல்லி வட்டாரத்து நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தது. சில பொருள்களில் லாப விகிதம் 1,737 சதவீதம் வரை போயிருந்ததைக் கண்டது. மருந்து, ஊசி, கையுறை, குழாய் என்று சின்னச் சின்னதாக ஏறும் பொருள்களில்தான் இந்த லாபம் ஒளிந்திருக்கிறது. போதாக்குறைக்கு, கையுறை போன்ற பல பொருள்களைப் பாலிசிகள் ஏற்பதும் இல்லை. அதற்கென்று தனி வசதி எடுத்திருந்தால் ஒழிய அந்தச் செலவு நோயாளி தலையில்தான். விலை கட்டுப்படுத்தப்பட்டவையும் உண்டு. இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் உச்ச விலை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மூட்டு மாற்றுக் கருவிக்கும் வந்தது. ஸ்டென்ட்டின் விலையையும் நிறுவனப் பெயரையும் பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்பது அந்த ஆணை. "ஆஞ்சியோ பேக்கேஜ்" என்று ஒரே வரியில் முடித்திருந்தால், பிரித்துக் காட்டச் சொல்லலாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனமும் இனவாரியான பில்லை உரிமையாகவே குறிப்பிடுகிறது.

பாலிசி எடுக்கும்போதே விதைக்கப்படும் ஒரு சிக்கலும் இருக்கிறது. "சுகர், பிபி இருக்குன்னு எழுதாதீங்க, பிரீமியம் ஏறும்" என்று சில முகவர்கள் சொல்லும் யோசனையைப் போலக் குடும்பங்களைக் கெடுத்தது வேறில்லை. மறைத்தால் கிளைம் நிராகரிக்கப்பட அதுவே போதுமான காரணம். சொல்லிவிட்டால் அதிகபட்சம் 36 மாதக் காத்திருப்பு. 2024 வரை அது 48 மாதமாக இருந்தது. ஐந்து ஆண்டுகள் பாலிசியை விடாமல் புதுப்பித்தவரின் கிளைமை, மோசடி நிரூபணமானால் அன்றி, தகவலை மறைத்தார் என்று சொல்லி மறுக்க முடியாது. உண்மையைச் சொன்னவருக்கு நீதிமன்றமும் துணை நிற்கிறது. சர்க்கரை நோயைத் தெரிவித்தே அமெரிக்கப் பயணத்துக்கு மெடிகிளைம் எடுத்த ஒருவருக்கு அங்கே மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள், நிறுவனம் பணம் தர மறுத்தது. நோயைத் தெரிந்துகொண்டே பாலிசி கொடுத்துவிட்டு, பிறகு அதையே காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

டிஸ்சார்ஜ் அன்று காலை டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்ற பிறகும், அப்ரூவல் வரவில்லை என்று மாலைவரை உட்கார வைப்பது ஊரறிந்த கதை. 2024 மே மாதம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கை இதற்குக் கெடு விதித்திருக்கிறது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் கோரிக்கையை அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். அதைத் தாண்டினால், தாமதத்துக்காக மருத்துவமனை போடும் கூடுதல் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். கிளைமை மறுப்பதென்றால் நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அப்படியும் நியாயம் கிடைக்காவிட்டால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் தர வேண்டும். பதில் திருப்தி தராவிட்டாலோ, ஒரு மாதமாகியும் பதிலே வராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னையில் இயங்குகிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ரூ.50 லட்சம் வரையிலான வழக்குகளை விசாரிக்கிறார்கள். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். இங்கே வரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களின் நிலை வேறு. ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை, திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கு அவர்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அங்கிருந்தபடியே புகார் சொல்லலாம்.

இவ்வளவு உரிமைகளும் ஏட்டில் இருக்கின்றன. இவற்றைத் தேடிப் பிடித்துப் படிக்கும் வேலையை, உடம்புக்கு முடியாதவர் தலையிலும் அவருக்காக ஓடுபவர் தலையிலும் சுமத்தியிருப்பதுதான் அநியாயம். பாலிசியின் சாரத்தைச் சொல்லும் தகவல் தாளை, வாடிக்கையாளர் கேட்டால் அவருடைய மொழியிலேயே தர வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி சொல்கிறது. கேட்டால்தானே? கேட்காமலே தமிழில் வர வேண்டும். மருத்துவமனைகளின் பதிவும் ஒழுங்குமுறையும் மாநிலத்தின் 1997-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. டெல்லியை எதிர்பார்க்கத் தேவையில்லை. அந்தச் சட்டத்தின் விதிகளில் அட்மிஷன் படிவத்துக்கு மூன்று வரிகளைக் கட்டாயமாக்கினால் போதும்: கேட்கும் அறையின் வாடகை எவ்வளவு, பாலிசி அனுமதிக்கும் வாடகை எவ்வளவு, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குடும்பம் கட்டவேண்டியது உத்தேசமாக எவ்வளவு. தமிழில் அச்சிட்டு, இன்சூரன்ஸ் டெஸ்கில் இருப்பவர் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அதன் கீழ் அவரும் கையெழுத்திட வேண்டும்.