மூன்று நிமிடமும் முப்பத்தாறு ஆண்டும்

மூன்று நிமிடம்! உற்றாரைப் பறிகொடுத்தவர்கள் தங்கள் துயரத்தைச் சொல்ல ஜப்பான் சர்க்கார் தந்த அவகாசம் அவ்வளவுதான். 2024 மே 1 அன்று மினமாட்டா நகரில், இறந்துபோன மனைவியைப் பற்றி ஒரு முதியவர் பேசிக்கொண்டிருந்தபோதே மைக் துண்டிக்கப்பட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் சுற்றுச்சூழல் மந்திரி! ஒரு வாரம் கழித்து வந்து மன்னிப்புக் கேட்டார்.

அந்த முதியவரின் மனைவியைக் கொன்றது எது? பாதரசம். சிஸ்ஸோ கம்பெனி 1932 முதல் 1968 வரை, முப்பத்தாறு ஆண்டுகள், அசிடால்டிஹைடு தயாரித்தது. அந்த வேலையில் உண்டான மெத்தில் பாதரசத்தைக் கழிவு நீரோடு வளைகுடாவில் விட்டது. விஷம் சேற்றில் படிந்தது, சிப்பியிலும் மட்டியிலும் மீனிலும் ஏறியது, கடைசியில் மீனவன் சட்டிக்கு வந்தது. முதலில் பூனைகள் துடிதுடித்துச் செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கை நடுங்கியது, நாக்குக் குழறியது, பார்வை சுருங்கியது. கருவிலிருந்த சிசுவையும் அது விடவில்லை. 1956 மே 1 அன்றுதான் இந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. உலகத் தொழிலாளி கொடியேற்றும் நாள்!

கம்பெனிக்குத் தெரியாதா? தெரியும். அதன் ஆஸ்பத்திரித் தலைவர் டாக்டர் ஹொசகாவா ஆலைக் கழிவைப் பூனைக்கு ஊட்டிப் பார்த்தார். 1959 அக்டோபரில் 400ஆம் எண் பூனைக்கு அதே நோய் கண்டது. நிர்வாகம் அந்த உண்மையைப் புதைத்தது. அதே டிசம்பரில், உயிருக்கு மூன்று லட்சம் யென் 'அனுதாபப் பணம்' என்று வீசி, பின்னால் ஆலைதான் காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டோம் என்று ஏழைகளிடம் கையெழுத்தும் வாங்கியது. எப்பேர்ப்பட்ட அனுதாபம்! அந்த ஒப்பந்தம் செல்லாது என்று கோர்ட்டு சொல்ல 1973 ஆயிற்று.

தோழர்களே, இனிச் சொல்வது நமக்குக் கசப்பானது. 1959 நவம்பரில் மீனவர்கள் ஆலைக்குள் புகுந்து போராடினார்கள். சில நாட்களில், கழிவு நீரை நிறுத்தாதே என்று மாநில கவர்னரிடம் ஒரு தூதுக்குழு போயிற்று. மேயரும் வியாபாரிகளும் போனதில் வியப்பில்லை. ஆலைத் தொழிலாளர் சங்கமும் உடன் போயிற்று! ஆலை நின்றால் அடுப்பு அணையும் என்ற பயம். அந்தப் பயத்தை வளர்த்தவன் முதலாளி. கூலிக்காரனையும் வலைக்காரனையும் மோதவிட்டு நடுவில் லாபம் பார்த்தான்.

1962ல் அதே முதலாளி கூலிப் பிரச்னையில் தொழிலாளர் மீதே பாய்ந்தான். கதவடைப்பு வந்தது, சங்கம் பிளந்தது. அடிபட்ட பிறகே கண் திறந்தது. 1968 ஆகஸ்டில் முதல் சங்கம் கூடி, மினமாட்டா நோயாளிகளுக்காக இதுவரை ஒன்றும் செய்யாதது தங்களுக்கு வெட்கம் என்றும், இனி அவர்களோடு நின்று போராடுவதாகவும் தீர்மானம் போட்டது. ஆலைதான் காரணம் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது அடுத்த மாதம்தான். சர்க்காருக்கு முந்திப் பேசியவன் தொழிலாளி.

வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2023 செப்டம்பரில் ஒசாகா கோர்ட்டு, வழக்குத் தொடுத்த 128 பேரும் பாதிக்கப்பட்டவர்களே என்று தீர்ப்பளித்தது. சர்க்காரும் கம்பெனியும் அப்பீலுக்குப் போயின. அப்பீலுக்கு மட்டும் மூன்று நிமிடக் கணக்கு கிடையாது!