பிங் வந்தால் போதுமா?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு நெட்வொர்க் பெட்டியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காத்திவாக்கத்தில் இருந்துகொண்டு அப்படி ஒதுங்க முடியாது. ஒரு பக்கம் காமராஜர் துறைமுகம், இன்னொரு பக்கம் மணலி. நடுவே ஓடும் லாரிகளில் பலவும் எடை மேடை ஏறி இறங்கினால்தான் பில். காலி எடைக்கும் பார எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் பணம்.

எடை காட்டும் இண்டிகேட்டர்கள் பலவற்றில் இன்றும் இருப்பது ஆர்எஸ்-232 சீரியல் போர்ட். 1960-ல் வந்த தரம். கேபிளை 15 மீட்டருக்கு மேல் இழுக்காதே என்பது அதன் பழைய கணக்கு. ஆபீஸ் தூரத்தில் இருந்தால்? அதற்குத்தான் சீரியலை ஈதர்நெட்டாக மாற்றும் சின்னப் பெட்டி. அது மக்கர் செய்தால் திரையில் எடை வராது. லாரி வரிசை நீளும். கிளார்க் எண்ணைக் கையால் அடிப்பார். ஒரு இலக்கம் இடம் மாறினால் யார் தலையில் விடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கட்சி இதுதான்: இதில் பாதிப் பிரச்சினை பெட்டியில் இல்லை. செட்டிங்கை யாரும் எழுதி வைக்காததில் இருக்கிறது.

சில உதாரணங்கள். மோக்ஸா என்போர்ட் பெட்டிகள் கம்பெனியிலிருந்து வரும்போது ஐபி முகவரி 192.168.127.254. ஆபீஸ் கம்ப்யூட்டர் 192.168.1 வரிசையில் இருந்தால் ஒன்றையொன்று பார்க்காது. கம்ப்யூட்டரின் முகவரியைத் தற்காலிகமாக மாற்றி உள்ளே போய், பெட்டிக்கு ஆபீஸ் வரிசை முகவரி கொடுத்துவிட்டு வர வேண்டும்.

காலையில் வேலை செய்கிறது, மதியம் செய்யவில்லையா? அதே முகவரியில் இன்னொரு கருவி இருக்கலாம். பெட்டியின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, சற்று நேரம் கழித்து பிங் செய்யுங்கள். அப்போதும் பதில் வந்தால், பதில் சொல்வது வேறு யாரோ! கரண்ட் போய் வந்ததும் பிரச்சினை என்றால், முகவரி தானாக மாறுகிற டிஹெச்சிபி-யைச் சந்தேகப்படுங்கள். எடை மென்பொருள் பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

பிங் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று கிளம்புகிறவர்களும் உண்டு. எங்கள் பாடத்தில் இருப்பாய்வு என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் சமமாக வந்தாலே கணக்கு சரி என்று ஆகாது. விடுபட்ட பதிவை அது காட்டிக் கொடுக்காது. பிங்கும் அப்படித்தான். பெட்டி உயிரோடு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். சீரியல் பக்கம் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. இண்டிகேட்டர் 9600 வேகத்தில் 7 பிட், ஈவன் பாரிட்டி என்று பேச, பெட்டி 8 பிட், பாரிட்டி இல்லை என்று கேட்டால், திரையில் எண்ணுக்குப் பதில் கிறுக்கல்தான் வரும். ஒன்றுமே வராவிட்டால் அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு இணைப்பைத்தான் ஏற்பேன் என்கிற பெட்டியும் உண்டு. தொங்கிப்போன பழைய இணைப்பு அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

இதெல்லாம் சர்வீஸ்காரர் சமாச்சாரம் என்பீர்கள். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் 3 மின் விநியோகக் கம்பெனிகளைத் தாக்கினார்கள். சுமார் 2,25,000 நுகர்வோருக்குக் கரண்ட் போனது. தாக்கியவர்கள் துணை மின் நிலையங்களில் இருந்த இதே வகைப் பெட்டிகளின் உள் மென்பொருளையும் அழித்தார்கள். ஊழியர்கள் நேரில் போய்க் கையால் சுவிட்சுகளைப் போட்டு, சில மணி நேரத்தில் கரண்டைக் கொண்டுவந்தார்கள். தூரத்திலிருந்து இயக்கும் வசதி திரும்ப அதற்கும் அதிக நாள் ஆனது. சின்னப் பெட்டிதானே என்று யாரும் நினைக்க வேண்டாம், அனல்மின் நிலையங்களின் புகைபோக்கி நிழலில் வாழும் நாம் நினைக்கவே வேண்டாம்.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. ஐபி, மாஸ்க், போர்ட் எண், சீரியல் வேகம், பிட், பாரிட்டி எல்லாம் ஒரே தாளில் அடங்கும். அதன் நகல் ஒன்று ஆபீஸ் ஃபைலில் இருக்கட்டும். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். புதியதை மட்டும் பெட்டியில் ஒட்டாமல் பூட்டி வையுங்கள். இணையத்திலிருந்து நேராகத் தொட முடியாதபடி வையுங்கள். காசு கொடுத்து வாங்கியது முதலாளி, செட்டிங் மட்டும் சர்வீஸ்காரர் மண்டையில் என்றால் அது யாருடைய சொத்து?

அடுத்த முறை அவர் வேலையை முடித்துவிட்டு பில்லை நீட்டும்போது, கையெழுத்துக்கு முன்னால் அந்தத் தாளைக் கேளுங்கள்.