நன்றி சொல்லப் போனவர்கள் என்ன கொண்டுவந்தார்கள்?

தை பிறந்தால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு பொங்கல். ஒன்று சூரியனுக்கு. இன்னொன்று கர்னல் ஜான் பென்னிகுயிக்குக்கு. 1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்காக லோயர் கேம்ப் மணிமண்டபத்திலும், பாலார்பட்டியிலும் பெண்கள் பானை வைத்துக் குலவையிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாகத் தெரியும். எங்களுக்கு அது குலசாமி கும்பிடுவது மாதிரி.

இந்தத் தையிலும் போயிருந்தேன். சிலைக்கு மாலை போட்டுவிட்டு டீக்கடையில் நிற்கும்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார்: "மேனேஜர் சார், இவருக்குச் சிலை தெறக்க லண்டன் பக்கம் போனாங்கல்ல, கவர்மெண்டு காசுல. அதுல நமக்கு என்ன சார் வந்துச்சு?"

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஊரில் நான் இன்னும் மேனேஜர்தான். கணக்குக் கேள்வி என்றால் என்னிடம்தான் வரும். அன்றைக்கு, "நன்றிக்கெல்லாம் கணக்குப் பார்க்கக் கூடாதுப்பா" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். ராத்திரி படுத்த பிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பென்னிகுயிக் பிறந்த ஊரில் இல்லாவிட்டாலும், அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1911-ல் இறந்த இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் தமிழ்நாடு அரசு சிலை வைக்கும் என்று 2022 ஜனவரி 15 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தபோது, சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். அந்த ஆண்டு செப்டம்பரில் அமைச்சர் ஐ. பெரியசாமி உள்ளிட்டோர் இங்கிருந்து போய்ச் சிலையைத் திறந்தார்கள். படத்தைப் பார்த்தபோது கண் கலங்கியது உண்மை. 1895-ல் அந்த அணை எழும்பாமல் இருந்தால் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்களின் கதையே வேறு. எங்கள் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சுவரின் தயவில்தான். என் மூன்று ஏக்கரும் அதில் அடக்கம்.

ஆக, நன்றி சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. நன்றி சொல்லப் போன பயணத்துக்கு, போய் வந்த பிறகு, யாரும் நம்மிடம் கணக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி.

வங்கியில் கடன் கொடுப்பதற்கு முன் மூன்று விஷயம் பார்ப்போம். எதற்காக, எவ்வளவு, எப்படித் திரும்பும். கொடுத்த பிறகு நாலாவதாக ஒன்று உண்டு. நேரில் போய்ப் பார்ப்பது. கறவை மாட்டுக் கடன் கொடுத்தால் கொட்டத்துக்கே போய், மாட்டின் காதில் மாட்டிய வில்லையின் எண்ணைப் படித்துக் குறிக்க வேண்டும். இருபதாயிரம் ரூபாய் கடன் வாங்கிய அம்மா, "சார், மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்கு" என்று சொன்னால் சாயங்காலம் வரை காத்திருந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஏழை வாங்கின கடனுக்கு இத்தனை சோதனை. ஊர்ப்பணத்தில் விமானம் ஏறுகிறவர்களிடம் "மாடு எங்கே?" என்று கேட்க ஒருவரும் கிடையாது.

இப்படிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்றும் யோசித்தேன். பணியில் இருந்தபோது, விவசாயக் கடன் பயிற்சி என்று ஒரு வட மாநிலத்துக்கு ஐந்து நாள் என்னை அனுப்பினார்கள். இரண்டு நாள் வகுப்பு. மூன்று நாள் ஊர் சுற்றல். திரும்பி வந்து ஒன்றரைப் பக்க அறிக்கை எழுதினேன். அதில் பாதி, அவர்கள் கொடுத்த கையேட்டில் இருந்ததுதான். யாரும் படிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. அந்தச் செலவில் எங்கள் கிளையிலிருந்த எந்த விவசாயிக்கும் ஒரு கிழங்கு கூடுதலாக விளையவில்லை. நான் கெட்டவன் என்று இல்லை. கேள்வி கேட்க ஆள் இல்லாத பயணம் எவனையும் சுற்றுலாப் பயணி ஆக்கிவிடும்.

இதற்கு நேர்மாறான இன்னொரு பயணமும் உண்டு. ஓய்வுக்குப் பிறகு, நாங்கள் பன்னிரண்டு பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒரு வேன் பிடித்து, திண்டுக்கல் பக்கம் ஒரு இயற்கை விவசாயியின் தோட்டத்தைப் பார்க்கப் போனோம். புறப்படும்போதே ஒரு விதி வைத்தோம். வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்றை ஐந்து சென்டிலாவது செய்து பார்க்கணும், அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லணும். நான் வாழைக்கு மூடாக்கு போட்டேன். நாலு நாளைக்கு ஒருமுறை பாய்ச்சிய தண்ணீர் ஏழு நாளைக்கு ஒருமுறை போதும் என்று ஆனது. இன்னொருவர் முயற்சி தோற்றது. அதையும் எழுந்து சொன்னார். செலவு வேன் வாடகையும் சாப்பாடும்தான். வித்தியாசம் தூரத்தில் இல்லை, அந்த மாதக் கூட்டத்தில் இருந்தது.

பெரிய பயணங்களுக்கு வருவோம். 2019-ல் முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி இங்கிலாந்து, அமெரிக்கா, துபாய் போய்வந்தார். முதலீட்டுக் கணக்கைச் சொன்னார். அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் வெள்ளை அறிக்கை கேட்டார். 2024-ல் முதல்வராக ஸ்டாலின் அமெரிக்கா போய்வந்தார். அவரும் கணக்கைச் சொன்னார். இப்போது வெள்ளை அறிக்கை கேட்டது பழனிசாமி. நாற்காலி மாறியது, கேள்வி மாறவில்லை. இதிலிருந்து நான் படிக்கிற பாடம் எந்தக் கட்சியைப் பற்றியதும் இல்லை. எதிர்க்கட்சி கேட்டால்தான் கணக்கு என்ற நிலைமையே தப்பு. கடன் வாங்கியவர் எந்தக் கட்சி என்று பார்த்தா தவணைச் சீட்டு போடுகிறோம்?

டெல்லியிலும் இதே கதைதான். அடுத்த நாட்டின் தேசிய நாளுக்குச் சிறப்பு விருந்தினராகப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2023 ஜூலை 14 பிரான்சின் தேசிய நாள் அணிவகுப்புக்கும், 2025 மார்ச் 12 மொரீஷியஸ் தேசிய நாளுக்கும் பிரதமர் மோடி போனார். நம் குடியரசு நாளுக்கும் அயல்நாட்டுத் தலைவர்கள் வருகிறார்கள். ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போனால்தான் நம் வீட்டு விசேஷத்துக்கு ஆள் வரும், அது நியாயம். அயர்லாந்து என்று ஒரு சின்ன நாடு. ஜனத்தொகை ஐம்பது லட்சத்தைச் சற்றே தாண்டும். மார்ச் 17, புனித பேட்ரிக் நாள் வந்தால் அதன் அமைச்சர்கள் பல நாடுகளுக்குப் பிரிந்து போவார்கள். அங்கே குடியேறிய தம் மக்களைப் பார்ப்பது, வியாபாரம் பேசுவது இரண்டும் நடக்கும். அங்கேயும் "இது வேலையா, விடுமுறையா?" என்று வருஷாவருஷம் ஜனங்கள் கேட்கிறார்கள். கேட்டுக்கொண்டே இருப்பதால்தான் யார் எங்கே போனார், என்ன செலவு என்பது பேச்சுக்காவது வருகிறது.

இங்கே பென்னிகுயிக்கையே சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன். அணை கட்டி முடித்த பிறகு, 1899-ல் அவரை ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு அழைத்தார்கள். 1893-ல் ஆறு பெருக்கெடுத்து அந்த ஊரே மூழ்கியிருந்தது. கர்னல் போய் ஆற்றைப் பார்த்தார். வெள்ளத்தைத் தணிக்க என்ன செய்யலாம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அதுவும் அரசாங்கக் காசில் போன வெளிநாட்டுப் பயணம்தான். போன இடத்தில் காகிதத்தில் ஒரு வேலை மிஞ்சியது. அவர் பெயரால் போகிறவர்களுக்கும் அதே அளவுகோல்தானே சரி?

"தம்பி, சிலைச் செலவெல்லாம் பட்ஜெட்டில் கடலில் கரைத்த பெருங்காயம்" என்பார்கள் சிலர். இருக்கலாம். ஆனால் எங்கள் கிளை வாய்க்காலில் ஒரு மடையின் பலகை உடைந்து மூன்று போகம் ஆகிறது. மனு கொடுத்தால் "நிதி வரட்டும்" என்கிறார்கள். சாக்கு மூட்டையும் வாழைத்தண்டும் வைத்து அடைக்கிறோம். வழக்கமாக ஜூன் முதல் தேதி அணையைத் திறப்பார்கள். அன்றைக்குத் தண்ணீர் கடைமடைக்குப் போகாவிட்டால் நாற்று வயசு தாண்டும், முதல் போகம் தள்ளும், இரண்டாம் போகம் பனியில் மாட்டும். கடைமடையில் இருப்பவர் ஒரு போகத்தோடு நிறுத்திவிட்டுப் பிளாட் போடுகிறவருக்கு நிலத்தைக் கொடுத்துவிடுவார். இரண்டு பேர் கொடுத்தும்விட்டார்கள். பெருங்காயம் சின்னதுதான். சாம்பாருக்கு அது இல்லாதபோது தெரியும்.

வெளிநாட்டுக்கு யாருமே போகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நாம் ஒற்றை நாற்று நடவு என்று செய்கிறோமே, அது மடகாஸ்கரில் ஒரு பாதிரியார் விவசாயிகளோடு சேர்ந்து கண்டெடுத்தது. யாரோ போய்ப் பார்த்து, யாரோ கொண்டுவந்ததால்தான் நம் வயலில் விதைநெல் மிச்சமாகிறது. 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில், முன்னோடி விவசாயிகள் 100 பேரை ஜப்பான், சீனா, வியட்நாம் நாடுகளுக்கு அழைத்துப் போவதாக அறிவித்தார்கள். நல்ல விஷயம். அதிலும் என் நிபந்தனை அதே. போய்வந்த ஒவ்வொருவரும் தம் ஒன்றியத்தில் நின்று, "இதைப் பார்த்தேன், இதைச் செய்தேன், இது தேறியது, இது தேறவில்லை" என்று சொல்லணும். அமைச்சருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் கூடாது.

நான் கேட்பது பெரிய சட்டம் எதுவும் இல்லை. அரசுச் செலவில் வெளிநாடு போகும் எந்தக் குழுவும், திரும்பிய அறுபது நாளில் ஒரே ஒரு பக்கம் சட்டமன்றத்தில் வைக்கட்டும். யார் யார் போனார்கள், எத்தனை நாள், எவ்வளவு செலவு, எதற்காக, என்ன கிடைத்தது. ஒரு வருஷம் கழித்து, சொன்னதில் எது நடந்தது என்று இன்னொரு பக்கம். வியாபாரப் பயணமாக இருந்தால் அது போதும். விழாவுக்கும் நன்றிக்கும் போகிற பயணமாக இருந்தால் இரண்டு பேர் போதும். அதோடு, அங்கே எவ்வளவு செலவோ அதே தொகையை, யாருக்கு நன்றி சொன்னோமோ அவர் செய்த வேலையைப் பராமரிக்க இங்கே ஒதுக்கட்டும். கேம்பர்லியில் ஒரு ரூபாய் என்றால் முல்லைப்பெரியாறு வாய்க்காலில் ஒரு ரூபாய். கர்னல் உயிரோடு இருந்து, சிலை வேண்டுமா மடைப்பலகை வேண்டுமா என்று கேட்டால் எதைச் சொல்லியிருப்பார் என்று அணை கட்டினவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

உழவர் சொந்தங்களே, அறிக்கை வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் இருந்தே நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தரணும். கேம்பர்லி விழாச் செலவு எவ்வளவு, அதே ஆண்டில் எங்கள் கிளை வாய்க்கால் பராமரிப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று இரண்டு கேள்வியை ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். "நன்றிக்குக் கணக்குப் பார்க்கக் கூடாதுன்னீங்களே சார்?" என்று சிரித்தார்.

அன்றைக்குச் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டேன். பதில் வந்ததும் இந்த இதழுக்கே எழுதுகிறேன்.