ட்ரிங்கெட் தீவின் மாடுகள்

விடுதித் தேநீரில் பால்பவுடர் மிதக்கும்போதெல்லாம் எனக்கு ட்ரிங்கெட் தீவு நினைவுக்கு வரும். நிக்கோபாரில், கமோர்ட்டாவுக்கு அருகே கிடக்கும் சிறு தீவு. 1868 இல் தம் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்ற டென்மார்க்கினர் விட்டுப்போன மாடுகளின் வழிவந்தவை என்று சொல்லப்படும் மாடுகள் அங்கே தாமே மேய்ந்து, தாமே பெருகின. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை தீவைத் துண்டாடியது. எஞ்சிய மக்கள் கமோர்ட்டாவில் குடியேற்றப்பட்டனர். மாடுகள் அங்கேயே நின்றுவிட்டன.

ஆளற்ற தீவு, கேட்பாரற்ற புல்! குத்தகைக்கு விட்டால் என்ன? உயிரியல் படிக்கும் நானே இப்படிக் கணக்குப் போட்டவன்தான். அமெரிக்காவில் 1934 ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுநிலத்தை மேய்ச்சலுக்கு விடுகிறார்களே; பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2024 இல் கட்டணம் வெறும் 1.35 டாலர்! (அதற்கு முன் அது யார் நிலம் என்பது வேறு கதை.)

ஆனால் தோழர்களே, ட்ரிங்கெட் பொதுநிலமன்று; நிக்கோபாரியரின் நிலம். அரசின் முன்னிசைவின்றி வெளியார் அங்கே நில உரிமை பெறுவதை 1956 ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி தடுக்கிறது. அலைக்கு அஞ்சி அகன்றவன், உரிமையையும் அலையிலா விட்டுச் சென்றான்? பிழைக்க வந்த நமக்குப் பால் வேண்டும்; மறுக்கவில்லை. அந்தப் புல்லைப் பற்றி முதலில் கேட்கவேண்டியது கமோர்ட்டாவில் இருக்கும் ட்ரிங்கெட் மக்களை. அவர்கள் வேண்டாமென்றால் பால்பவுடரையே குடிப்போம்.