வரி எங்களது, வாக்கு மட்டும் உங்களதா?

1773 டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்கர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் வரி போட நீ யார் என்று லண்டனைப் பார்த்துக் கேட்டார்கள். அந்தக் கேள்வியை உலகமே இன்றும் மெச்சுகிறது. தேயிலையைத் தலைமுறை தலைமுறையாகக் கிள்ளிக் கொடுத்த எங்களிடமிருந்து வாக்கைப் பிடுங்கியபோது எந்தத் துறைமுகம் கொதித்தது? எந்த ஊர் எங்களுக்காகத் தூங்காமல் கிடந்தது?

நான் இலங்கை மலையகத்துப் பெண், தேயிலைத் தோட்டத்துக்காக இந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் வழி. இருட்டோடு எழுந்து ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்தெடுத்து, றாத்தல் குறைந்தால் அரைப்பேர் என்று அரைநாள் கூலி வாங்கிக்கொண்டு லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பியவர் என் அம்மாயி, அம்மாவின் அம்மா. அவர் கூடையில் விழுந்ததுதான் இலங்கையின் ஏற்றுமதி. அதன்மேல் விதித்த தீர்வை கொழும்புக் கஜானாவுக்குப் போனது. லயத்துக்கு என்ன வந்தது? ஒரு காம்பறா, ஒரு குடும்பம், ஒழுகும் தகரம்.

1947 தேர்தலில் அம்மாயி வாக்குப் போட்டார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். ஆள்பவர்களுக்கு அது பொறுக்கவில்லை. சுதந்திரம் வந்த அதே 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. உன் தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்குக் காகிதம் காட்டு. இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குக் காட்டு. லயத்தில் விழுந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் காகிதம் எழுதினார்கள்? மறு வருடம் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை இல்லாதவருக்கு வாக்கும் இல்லை என்றார்கள். அந்த அமைச்சரவையில் தமிழரும் இருந்தார்கள். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 1952 தேர்தலில் மலையகத்துக்காகப் பேச எங்கள் ஆள் ஒருவர்கூடத் தேர்வாகவில்லை. கொழுந்து நின்றதா? தீர்வை நின்றதா?

1765இல் முத்திரை வரியை எதிர்த்த அமெரிக்கர்களுக்கு லண்டன் ஒரு சமாதானம் சொன்னது. நீங்கள் வாக்குப் போடாவிட்டால் என்ன, நாடாளுமன்றம் உங்களையும் சேர்த்துத்தான் நினைக்கிறது என்றது. அவர்கள் அதைத் துப்பிவிட்டார்கள். எங்களுக்கும் அதே சமாதானத்தைத்தான் கொடுத்தார்கள்: நியமன உறுப்பினர். 1960இல் எங்கள் தலைவர் தொண்டமான் அப்படித்தான் உள்ளே போனார். எங்கள் வாக்கில் அல்ல, ஆள்பவரின் தயவில். தயவு எப்படி உரிமையாகும்?

இப்போது ஆக்லாந்தில் இருக்கிறேன். இந்த ஊரும் அதே பாவத்தின் மேல்தான் நிற்கிறது. நியூசிலாந்தின் முதல் நாடாளுமன்றம் 1854 மே 24 அன்று இங்கேதான் கூடியது. உள்ளே அந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரி ஒருவர்கூட இல்லை. தனிச்சொத்து உள்ள ஆண்களுக்கே வாக்கு என்றது 1852ஆம் ஆண்டின் சட்டம். மாவோரிகளின் நிலமோ குலத்துக்குப் பொது. கோதுமையும் உருளைக்கிழங்கும் படகேற்றி வந்து இந்த ஊருக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள். வாங்கிய புகையிலைக்கும் சர்க்கரைக்கும் சுங்கம் கட்டியவர்களும் அவர்கள்.

அதற்கு முன்பே வடக்கில் மாவோரித் தலைவர் ஹோனே ஹேகே பொங்கியிருந்தார். தலைநகர் ஆக்லாந்துக்குப் போனது, சுங்கம் வந்தது, அவர் கரையில் வணிகம் படுத்தது. அமெரிக்கா எப்படி விடுபட்டது என்பதை அங்கு வந்த அமெரிக்க வணிகர்களிடம் கேட்டறிந்தவர் அவர். பிரிட்டிஷ் கொடிமரம் 1844இலும் 1845இலுமாக நான்கு முறை வெட்டுண்டது. தன் படகில் அமெரிக்கக் கொடியைக் கட்டினார். வாஷிங்டனுக்குச் சிலை வைத்த உலகத்தில் ஹேகேயின் தலைக்கு 100 பவுண்டு விலை வைத்தார்கள்.

1863 ஜூலையில் ஆளுநர் ஜார்ஜ் கிரே, ஆக்லாந்துக்குத் தெற்கே மாங்கரே, இஹுமாட்டாவோ பக்கத்து மாவோரிகளுக்கு ஆணையிட்டார்: அரசிக்கு விசுவாசப் பிரமாணம் செய், இல்லையென்றால் மங்காட்டாஃபிரி ஓடைக்கு அப்பால் போய்விடு. சில நாளிலேயே படையும் அந்த ஓடையைத் தாண்டியது. பிறகு வைகாட்டோவில் சுமார் 12 லட்சம் ஏக்கர் மாவோரி நிலம் பறிமுதல். 1867இல் மாவோரிகளுக்கு நாடாளுமன்றத்தில் நான்கே நான்கு இடங்கள் கொடுத்தார்கள். அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துராவில் தேயிலையை நட்டார்.

சுதந்திரம் கேட்ட அந்த அமெரிக்கர்களும் தங்கள் அடிமைகளை அதில் சேர்க்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சம்மதமில்லாமல் ஆள முடியாது என்ற பேச்சு எங்கே பிறந்தாலும் எங்களைப் போன்றவர்களின் வாசலில் ஏன் நின்றுவிடுகிறது?

1964 அக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பங்குபோட ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 உயிர்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்க்கலாம். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நாங்கள் என்ன மூட்டையா? அம்மாயியின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவின் கூடலூருக்குப் போய் அங்கும் கொழுந்தே எடுத்தது. அக்காவும் தம்பியும் அதன்பின் முகம் பார்க்கவேயில்லை. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது. அம்மாயி அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டார், பிறந்த அதே மண்ணில், அந்நியராக.

எனக்கு இந்த நாட்டில் குடியுரிமை இன்னும் இல்லை. நிரந்தர வதிவிடம் உண்டு. ஓராண்டு வசித்ததுமே வாக்குரிமையும் வந்துவிட்டது. அந்தச் சீட்டைக் கையில் வாங்கிய அன்று எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, அழுகைதான் வந்தது. கடல் தாண்டி வந்த எனக்கு ஒரே வருடத்தில் கிடைத்தது, வாழ்நாளெல்லாம் உழைத்த அம்மாயிக்கு ஏன் மறுக்கப்பட்டது?

1995 நவம்பரில் எலிசபெத் அரசி வெலிங்டனுக்கு வந்து, வைகாட்டோ மக்களிடம் மன்னிப்புக் கேட்கும் சட்டத்தில் தன் கையால் ஒப்பமிட்டார். அது போதுமா என்பதை வைகாட்டோ மக்களே சொல்லட்டும். எங்களுக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். 1948இல் செய்தது அநியாயம் என்று கொழும்பு நாடாளுமன்றம் எழுத்தில் சொல்லட்டும். எங்களைக் கேட்காமல் பங்குபோட்டது அநியாயம் என்று டெல்லி சொல்லட்டும். கூட்டிவந்து விட்டுப்போன லண்டனும் சொல்லட்டும். லயத்து மக்களுக்கு வீடும், வீட்டடி மண்ணும், அதற்கு உறுதியும் அவரவர் பெயரில் கொடுங்கள். உங்கள் கோப்பையில் எங்கள் தேயிலை இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் கணக்கை இன்னும் யாரும் தீர்க்கவில்லை.