"என் லேப்டாப்ல ஓடுச்சு சார்!"

புராஜெக்ட் ரிவ்யூ நாள். மெனு திறக்குது, மியூசிக் வருது, பட்டன் எல்லாம் பளபளக்குது. "இப்ப சிமுலேஷன் ஓப்பன் ஆகும் சார்" என்று சொல்லி கிளிக் பண்றீங்க. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி கிளிக். மறுபடியும். ஒரு எர்ரர்கூட வரவில்லை. அப்போது நம் எல்லோர் வாயிலும் வருகிற ஒரே வசனம்தான் மேலே இருக்கும் தலைப்பு.

போன செமஸ்டரில் எங்கள் டீமுக்கு நடந்தது இது. மெனுவை நான் யூனிட்டியில் செய்தேன். அதிலிருந்து திறக்க வேண்டிய சிமுலேஷனை, டீமிலேயே அதிகம் பேசாத நண்பன் பைத்தானில் எழுதி இஎக்ஸ்இ ஆக்கியிருந்தான். மூன்று மாத உழைப்பு. அன்றைக்கு அதை யாருமே பார்க்கவில்லை. மார்க் குறைந்ததைவிட அதுதான் எனக்கு இன்னமும் உறுத்துகிறது. ஏன்னா, தப்பு அவன் பக்கம் இல்லை, என் பக்கம்.

ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றைத் திறப்பதை 'ஒரு லைன் கோடுதானே' என்று கடைசி ராத்திரிக்குத் தள்ளிவிடுகிறோம். புராஜெக்டிலேயே சீக்கிரம் உடையும் இடம் அந்த ஒரு லைன்தான் என்பது என் கருத்து.

ஃபிளாஷ் காலத்தில் சிடி செய்தவர்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். அதில் 'எஃப்எஸ்கமாண்ட்' மூலம் 'எக்ஸெக்' கொடுத்து வேறு புரோகிராமைத் திறக்கலாம். ஆனால் தனியாக ஓடும் புரொஜெக்டர் ஃபைலில் மட்டும்தான், பிரவுசரில் நடக்காது. ஃபிளாஷ் எம்எக்ஸிலிருந்து இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. திறக்க வேண்டிய புரோகிராம், புரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே 'எஃப்எஸ்கமாண்ட்' என்ற பெயருள்ள ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். கட்டளையில் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு தவிர வேறெதுவும் வரக் கூடாது. நடுவில் ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் போச்சு.

கடுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்பேன். யாரோ அனுப்பிய அனிமேஷன் உங்க கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் ஓட்டினால் சும்மா இருப்பீங்களா? அதோடு, தேவையான ஃபைலைக் கையோடு எடுத்துப் போகும் பழக்கத்தையும் அது கற்றுக்கொடுத்தது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் பிளேயருக்கு ஆதரவு முடிந்தது. சாஃப்ட்வேர் போய்விட்டது, தப்பு மட்டும் போகவில்லை.

நாங்கள் செய்த தப்புகள் மூன்று. முதலாவது, என் லேப்டாப்பின் டி டிரைவ் பாத்தை அப்படியே கோடில் எழுதியிருந்தேன். செமினார் ஹால் கம்ப்யூட்டரில் டி டிரைவே கிடையாது.

இரண்டாவது, வொர்க்கிங் டைரக்டரி. பாத்தைச் சரிசெய்த பிறகும் கறுப்பு விண்டோ ஒன்று வந்து மறைந்தது. திறக்கப்படும் புரோகிராமுக்கு நாம் தனியாக எதுவும் சொல்லாவிட்டால், திறந்த புரோகிராமின் டைரக்டரியே அதற்கும் வந்து சேரும். டேட்டா ஃபைலை அது அங்கே தேடியிருக்கிறது. ஃபைலோ அதன் சொந்த ஃபோல்டரில் இருந்தது.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. எர்ரர் வரவில்லை என்று நினைத்தோமே, உண்மையில் வந்திருந்தது! யூனிட்டி அதை 'பிளேயர் டாட் லாக்' ஃபைலில் எழுதி வைத்திருந்தது. ஒரு ட்ரை-கேட்ச் போட்டு அதைத் திரையில் காட்டியிருந்தால், அங்கேயே இரண்டு நிமிடத்தில் புரிந்திருக்கும்.

அதனால் உங்களுக்கு இப்படி நடந்தால் கோடை மாற்றிக்கொண்டே இருக்காதீங்க. வரிசையாகப் பாருங்க. முதலில் அந்தப் புரோகிராமைத் தனியாக டபுள் கிளிக் செய்யுங்க. அது ஓடினால், கமாண்ட் பிராம்ப்டில் வேறொரு ஃபோல்டரில் நின்றுகொண்டு முழுப் பாத்தைக் கொடுத்து ஓட்டிப் பாருங்க. முன்னது ஓடி இது ஓடாவிட்டால், வொர்க்கிங் டைரக்டரியைச் சந்தேகப்படலாம். இரண்டும் ஓடினால், மெனு எந்தப் பாத்தைத் தேடுகிறது என்று திரையில் பிரிண்ட் பண்ணுங்க.

"அவங்கவங்க லேப்டாப்லயே டெமோ காட்டிட்டா முடிஞ்சுது" என்று சிலர் சொல்வார்கள். அன்றைக்குத் தப்பிக்கலாம், சரி. ஆனால் நம் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தப்போகிறவர் கையில் நம் லேப்டாப் இருக்காதே! ரிவ்யூவுக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு புராஜெக்டும் லேப் கம்ப்யூட்டரில் ஒருமுறை ஓட வேண்டும் என்று டிபார்ட்மெண்ட் விதியே போடலாம். அது வரும்வரை பக்கத்து டீமோடு பென் டிரைவை மாற்றிக்கொள்ளுங்க. அவங்க ஓட்டட்டும், நீங்க வாயைத் திறக்காமல் பின்னால் நில்லுங்க.

இந்த செமஸ்டர் நாங்க அதைத்தான் செய்தோம். முதல் தடவை ஓடவில்லை. நல்லவேளை, அன்றைக்கு ரிவ்யூ இல்லை.